சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து

கேள்வி: சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். மலேசியாவின் சரவாக் மாநிலத்தின் உட்பகுதியில் செம்பனைத் தோட்டமும் ஆலையும் அமைக்கப் போகிறோம். மாநில அரசு தந்த குத்தகை கையில் இருக்கிறது. சென்ற மாதம் அங்குள்ள இபான் பூர்வகுடி மக்களின் நீளவீடு ஒன்றில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் இடத்தில், கூட்டம் நடத்தினோம். எங்கள் அதிகாரி மலாயில் பேசி, திரையில் படம் காட்டினார். 62 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அது வருகைப் பதிவுத் தாள். சாப்பாட்டுப் பொட்டலக் கணக்குக்காக நானே கொண்டுபோனது. இப்போது வங்கிக்குப் போகும் கோப்பில் அதைச் 'சமூக ஒப்புதல்' என்ற தலைப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். முழு அறிக்கை ஆங்கிலத்தில் எங்கள் இணையத்தளத்தில் இருக்கிறது. பாதை வெட்டும் ஒப்பந்தக்காரர் ஆகஸ்டில் இறங்குகிறார். 'அவர்களிடம் பட்டாவே கிடையாது, கூட்டம் வைத்ததே பெரிய விஷயம்' என்கிறார் என் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் நான் பதவியில் கீழே இருப்பவள். என்ன செய்யலாம்? இன்னொன்று: மறுபடி அங்கே போனால் கையில் என்ன கொண்டுபோவது?
— வாசகி, சுவா சூ காங்

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளின் தலைப்பை உங்கள் கையால் மாற்றாதீர்கள். வேறு யாராவது மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால், அசலைக் கூட்டம் நடந்த தேதியோடு கோப்பில் தனியாகப் பதிந்து வையுங்கள். சமூகத் தாக்க மதிப்பீடு எழுதும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் நிறுவனங்களுக்கு, சில தடவை கிராமங்களுக்கு. தகராறு என்று வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது இந்த மாதிரித் தாளைத்தான். "இது எதற்குப் போட்ட கையெழுத்து?" என்று சாட்சிக் கூண்டில் ஒரு பாட்டியிடம் கேட்டால், "கோழிச் சோற்றுக்கு" என்றுதான் அவர் சொல்லப்போகிறார். அவர் சொல்வது உண்மையும்கூட.

உங்கள் மேலாளர் காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடியில், இருப்பவரா? அப்படியென்றால் இதைப் புரியவைப்பது சுலபம். என்பிளாக் விற்பனையை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயதைத் தாண்டிய கட்டடத்தைக் கூட்டாக விற்க, பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். அதைவிடப் புதிய கட்டடம் என்றால் 90. கையெழுத்தை வழக்கறிஞர் முன்னிலையில் போட வேண்டும். போட்ட பிறகு மனம் மாறினால் பின்வாங்க 5 நாள் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் கறிபஃப் வாங்கியபோது போட்ட கையெழுத்தைக் காட்டி அவர் வீட்டை யாராவது விற்றுவிட்டால் சும்மா இருப்பாரா? இத்தனைக்கும் நாம் ஆங்கிலம் படித்தவர்கள், பத்திரம் வைத்திருப்பவர்கள், கூப்பிட்டால் வழக்கறிஞர் வந்துவிடுகிற ஊரில் இருப்பவர்கள்.

சரி, விதி என்ன சொல்கிறது? பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை 2007 செப்டம்பர் 13 அன்று நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. எதிர்த்த நான்கு நாடுகளான ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவையும் பின்னர் ஏற்றுக்கொண்டன. அதன் 32ஆம் பிரிவுதான் உங்கள் விஷயத்துக்கு வேண்டியது. ஒரு மக்களின் நிலத்தைத் தொடும் திட்டத்துக்கு அனுமதி தருவதற்கு முன்பே, அவர்களுடைய சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்புகள் வழியாக நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். விவரம் தெரிந்து, நெருக்கடி இல்லாமல் தரும் சம்மதத்தைப் பெறுவதுதான் அந்தப் பேச்சின் நோக்கமாக இருக்க வேண்டும் என்கிறது.

"பிரகடனம் சட்டமாகாது" என்று மேலாளர் சொல்வார். சொல்லட்டும், அது சரிதான். ஆனால் கோப்பு போகும் இடம் வங்கி. நம் ஊரின் மூன்று பெரிய வங்கிகளும், கடன் தரும் திட்டங்களின் சமூக, சுற்றுச்சூழல் பாதிப்பைப் பார்ப்பதற்கான ஈக்குவேட்டர் கோட்பாடுகளை ஏற்றவை. மொத்த முதலீட்டுச் செலவு 1 கோடி அமெரிக்க வெள்ளிக்குக் குறையாத திட்டங்களுக்கான கடன்களுக்கு அவை பொருந்தும். அவற்றுக்கு அடித்தளம், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த அனைத்துலக நிதிக் கழகத்தின் செயல்தரங்கள்; பூர்வகுடி மக்களுக்கானது அவற்றில் 7ஆவது. பரம்பரையாகப் பயன்படுத்திவரும் நிலத்தைத் தொட்டாலும், ஆட்களை இடம் மாற்றினாலும், அவர்களுடைய முக்கியமான பண்பாட்டு இடங்களைப் பாதித்தாலும் சம்மதம் வேண்டும் என்கிறது அது. எல்லாரும் ஒரே குரலில் தலையாட்ட வேண்டும் என்று அது கேட்கவில்லை. சிலர் மறுத்தாலும் சம்மதம் சம்மதம்தான். ஆனால் எப்படிப் பேசினோம், எதில் ஒத்துக்கொண்டோம் என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 62 கையெழுத்து மட்டும்.

"பட்டா இல்லை" என்ற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து சொல்பவர்களிடம் நான் லிங்கியூவைப் பற்றிக் கேட்பேன். ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் இல்லாமல் நம் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. 1990 உடன்பாட்டின்படி அந்த நிலத்துக்காகச் சிங்கப்பூர் ஜொகூருக்கு 32 கோடி ரிங்கிட் கொடுத்தது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, பிரம்பும் பழமும் சேகரித்து வாழ்ந்த ஜக்கூன் மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது அதில் ஒரு துளி. அவர்களில் 52 பேர் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். பட்டா யாரிடமும் இல்லை. ஆனாலும் அங்கே வாழ்ந்து உண்டான உரிமை பொதுச் சட்டத்தில் உண்டு, அதைப் பறித்தால் இழப்பீடு தர வேண்டும் என்று ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2.65 கோடி ரிங்கிட் கொடுக்கச் சொன்னது. பாரம்பரிய நிலம் போனது, நடமாடும் சுதந்திரம் போனது, காட்டு விளைபொருள் போனது, தங்கள் எதிர்கால வாழ்க்கையும் பிள்ளைகளின் எதிர்கால வாழ்க்கையும் போனது என்று தலைப்புத் தலைப்பாக இழப்பைப் பிரித்துப் பார்த்தது நீதிமன்றம். 1998இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. காலையில் பல் தேய்க்கும்போது எனக்கு அவ்வப்போது இந்த வழக்கு நினைவுக்கு வரும்.

சரவாக்கின் சட்டம் தீபகற்பத்தின் சட்டத்திலிருந்து வேறு. அங்கே உள்ளது பூர்வகுடி வழக்காற்று நில உரிமை. 1958 ஜனவரி 1க்கு முன் காட்டை வெட்டிப் பயிரிட்டு, குடியிருந்து உண்டாக்கிய நிலத்துக்கு அது பொருந்தும். வேட்டைக்கும் மரத்துக்கும் விட்டுவைத்த காட்டுக்கும் அது பொருந்துமா என்பதில் பெரிய சண்டை. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் இல்லை என்றது. 2018இல் மாநிலச் சட்டமன்றம் நிலச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய காட்டுக்கும் உரிமை கோர ஒரு வழி விட்டது. மாநில அரசு ஒரே துண்டு நிலத்துக்குக் குத்தகையும் கொடுத்திருக்கும், அதன் நடுவில் வழக்காற்று உரிமையும் இருக்கும். சரவாக்கின் நில வழக்குகளில் பாதிக்கு இதுதான் கதை. ஆகவே குத்தகை கையில் இருப்பதால் கேள்வி முடிந்துவிடவில்லை. இதற்குக் கோலாலம்பூர் வழக்கறிஞர் உதவமாட்டார், சரவாக்கில் தொழில் செய்ய உரிமை உள்ளவர்தான் வேண்டும். உங்கள் நிறுவனம் யாரை வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி அந்த ஆங்கில அறிக்கை. கனடாவின் வடக்கே கிளைட் ரிவர் என்று ஒரு சிற்றூர், இனுயிட் மக்கள் வாழ்வது. கடலடியில் எண்ணெய் தேட ஒலியலை அனுப்பப்போகிறோம் என்று நிறுவனங்கள் வந்து கூட்டம் போட்டன. "திமிங்கிலங்களுக்கு என்ன ஆகும்?" என்று மக்கள் கேட்டார்கள். கூட்டத்தில் பதில் இல்லை. பல மாதம் கழித்து 3,926 பக்கத்தில் ஓர் ஆவணம் இணையத்தில் ஏறியது. அந்தப் பக்கம் இணையம் ஊர்ந்துதான் போகும், கட்டணமும் அதிகம். இனுயிட் மொழியில் ஆக்கப்பட்டதோ அந்த ஆவணத்தில் மிகச் சொற்பம். இதற்குப் பெயர் கலந்தாலோசனை இல்லை என்று கனடா உச்ச நீதிமன்றம் 2017இல் ஒருமனதாகச் சொல்லி அனுமதியை ரத்து செய்தது. உங்கள் பிடிஎஃப் எத்தனை பக்கமோ எனக்குத் தெரியாது. அந்த நீளவீட்டுப் பாட்டிக்கு மலாய் எவ்வளவு புரியும் என்பதுதான் என் கேள்வி. கடைப்பேச்சுக்கு மலாய் போதும். ஆற்றில் எவ்வளவு கழிவு கலக்கும், குத்தகை எத்தனை ஆண்டு, முடிந்தபின் நிலம் யாருக்கு என்பதையெல்லாம் இபானில், வாய்மொழியாக, கேள்வி கேட்க இடைவெளி விட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. போர்னியோவில் ஒரு சாலைத் திட்டம், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நான் வரைபடம் போட்டேன். பாதை போகும் வழியில் ஒரு பெரிய பரப்பைப் 'பயன்படுத்தப்படாத புதர்' என்று குறித்திருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். இது அப்பா நெல் போட்டது, இது எனக்குக் கல்யாணமான வருடம் போட்டது, இதை இன்னும் ஐந்து வருடம் தொடக்கூடாது, அந்த டுரியான் மரம் நான்கு குடும்பத்துக்குச் சொந்தம். மதியத்துக்குள் என் 'புதர்' முழுக்கப் பெயர்களால் நிறைந்துவிட்டது. அதைத் தெமூடா என்பார்கள், மண் தேறுவதற்காக ஓய்வு கொடுத்து விட்டுவைத்த வயல். இரண்டு கல்லறைகளும் அதற்குள் இருந்தன. அறிக்கையை மூன்று மாதம் உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் இதில் சுலபமாகச் சறுக்குவோம். கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, அரசாங்க அடுக்குமாடியான வீவக வீட்டுக்கு மாறி, நல்லாத்தானே இருக்கோம் என்று நினைக்கப் பழகியவர்கள். செமாக்காவ் தீவில் மீன்பிடித்து வாழ்ந்தவர்களும் 1970களில் பெருந்தீவின் அடுக்குமாடிகளுக்கு வந்தவர்கள்தான். அவர்களைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். சரவாக்கிலேயே பாக்குன் அணைக்காகச் சுமார் 10,000 பேரைச் சுங்கை ஆசாப்புக்கு மாற்றினார்கள். குடும்பத்துக்குக் கொடுத்தது 3 ஏக்கர். காடு முழுக்கச் சுற்றிச் சாப்பிட்டவர்களுக்கு 3 ஏக்கர்! உங்கள் கூட்டத்தில் வயதானவர்கள் உம்மென்று உட்கார்ந்திருந்தால் காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம்.

அடுத்து, கையெழுத்துப் போட்ட 62 பேர் யார்? துவாய் ரூமா, அதாவது நீளவீட்டுத் தலைவர், முதலில் போட்டிருப்பார். அவருக்கு அரசாங்கம் மாதப்படி கொடுக்கிறது. அவருடைய சம்மதத்தை எல்லாருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டு பின்னால் நீதிமன்றத்தில் மாட்டியவர்கள் ஏராளம். நீளவீட்டில் ஒவ்வொரு கதவும் ஒரு குடும்பம். எத்தனை கதவு, அதில் எத்தனை கதவிலிருந்து ஆள் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் பேசினார்களா? விதைநெல் அவர்கள் பொறுப்பு, எந்தத் துண்டில் என்ன விளையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இளையவர்கள் மீரியிலும் பிந்துலுவிலும் வேலைக்குப் போயிருப்பார்கள், சிலர் இங்கே நம் கப்பல் பட்டறையிலேயே இருப்பார்கள். ஜூன் 1 காவாய் அறுவடைப் பண்டிகைக்குத்தான் எல்லாரும் வீடு திரும்புவார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் முழுக் கூட்டம் இருக்கும், ஆனால் பண்டிகை நாளிலேயே திரையை மாட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அப்புறம், ஆற்றின் அக்கரையில் உள்ள பக்கத்து நீளவீடு. எல்லை எங்கே என்பது அவர்களுக்கும் இவர்களுக்கும் இடையில் தீராத பேச்சாக இருக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக் கையெழுத்து வாங்கினால் அண்ணன் தம்பிச் சண்டையை நீங்கள் மூட்டிவிட்டதாகிவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது ஆகஸ்ட் என்ற சொல். ஒப்பந்தக்காரருக்குத் தேதி கொடுத்துவிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டால், அவர்கள் "வேண்டாம்" என்றால் என்ன செய்வதாக உத்தேசம்? ஒடிசாவின் நியாம்கிரி மலையில் இதுதான் நடந்தது. பாக்சைட் என்ற அலுமினியத் தாது தோண்ட அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மலையடிவாரத்தில் லாஞ்சிகரில் ஆலையை முதலில் கட்டிவிட்டார்கள். மலை டோங்கிரியா கோந்து மக்களின் தெய்வமான நியாம் ராஜாவின் இடம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டு மத்திய அரசு சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. ஆலை மட்டும் அடிவாரத்தில் நிற்கிறது, மூலப்பொருளுக்கு வெளியே கையேந்திக்கொண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முறையாக அனுமதி வாங்கியும் நாசமானது ஆஸ்திரேலியாவின் ஜூக்கான் பள்ளத்தாக்கு. 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் உள்ள பாறைக் குகைகளை ரியோ டிண்டோ நிறுவனம் 2020 மே 24 அன்று வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படியான அனுமதி 2013இலேயே கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது மனித முடியில் பின்னிய 4,000 ஆண்டுப் பழைய பட்டை கிடைத்தது. மரபணுச் சோதனையில் அது இன்றைய புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் மூதாதையரோடு பொருந்தியது. அதற்கப்புறமும் பழைய அனுமதியை வைத்துக்கொண்டே போனார்கள். நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்ததுதான் கொடுமை: சுரங்கக் குழிக்கு நான்கு திட்டங்கள் இருந்தன, அதில் மூன்று குகைகளைத் தொடாமல் போகிறவை. அந்த மூன்றைப் பற்றி மக்களிடம் சொல்லவே இல்லை. தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. குகை போனது போனதுதான்.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒரு வேலை இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் பாதைக்கும் ஆலைக்கும் எத்தனை வரைபடம் போட்டார்கள் என்று விசாரியுங்கள். பொறியாளர்கள் ஒரே வரைபடத்தோடு நிறுத்தமாட்டார்கள், இரண்டு மூன்றாவது இருக்கும். நீளவீட்டில் காட்டியது எத்தனை? ஒன்றுதான் என்றால், அங்கே நடந்தது அறிவிப்பு. ஒரு திட்டத்தில் உண்மையாகக் கேட்டார்களா என்று பார்க்க நான் அறிக்கையின் முன்னுரையைப் படிக்கமாட்டேன். கூட்டத்துக்கு முந்தைய வரைபடத்தையும் பிந்தைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்ப்பேன். ஒரு கோடுகூட நகரவில்லை என்றால் மேலே படிக்கத் தேவையில்லை.

மேலாளரிடம் எப்படிப் பேசுவது? மனசாட்சி, நியாயம் என்று தொடங்காதீர்கள். அவருக்கு மனசாட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. காலாண்டுக் கெடு தலைமேல் இருக்கும்போது அந்தப் பேச்சு காதில் ஏறாது. சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இந்தத் தேதியில் கூட்டம் நடந்தது, நான் கொண்டுபோன தாள் வருகைப் பதிவுக்கானது, அதில் ஒப்புதல் வாசகம் எதுவும் இல்லை, இதை ஒப்புதலாக வங்கிக்குக் கொடுத்தால் தவறான தகவலாகக் கருதப்படலாம், சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்கலாமா? இவ்வளவு போதும். குற்றச்சாட்டு வேண்டாம், உரிச்சொல் வேண்டாம். இது எழுத்தில் வந்துவிட்டால் தாளின் தலைப்பை மாற்ற யாருக்கும் கை வராது. நிறுவனம் நிலைத்தன்மைச் செம்பனைக்கான வட்டமேசை (RSPO) அமைப்பில் உறுப்பியம் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். பெற்றிருந்தால் புதிய நடவுக்கு முன் 30 நாள் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும், சம்மதம் பெற்றதற்கான சான்றும் காட்ட வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள்.

கூடவே ஒரு மாற்று வழியையும் மேசையில் வையுங்கள், வெறும் கையோடு போனால் முட்டுக்கட்டை போடுகிறவள் என்ற பெயர்தான் மிஞ்சும். பாதை வேலையை ஆறு மாதம் தள்ளிவைப்பது, மக்களோடு நடந்து நிலத்தை அளப்பது, அவர்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞருக்கு நிறுவனம் கட்டணம் கொடுப்பது, அப்புறம் முடிவைக் கேட்பது. அந்த முடிவு "வேண்டாம்" என்று வந்தால் அதையும் அப்படியே பதிவதாக முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது. ஆறு மாதத் தாமதத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு, வழக்கில் ஐந்து வருடம் நின்றால் எவ்வளவு என்று இரண்டு எண் போட்டுக் காட்டுங்கள். நிதிப் பிரிவில் இருப்பவர்கள் உங்களுக்கு நண்பர்களாகிவிடுவார்கள்.

ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், உங்களை இந்தத் திட்டத்திலிருந்து மாற்றிவிடவும் வாய்ப்பு உண்டு. எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது, ஆறு மாதம் அலமாரி அடுக்கும் வேலை. ஆனால் பொய்த் தாளில் பெயர் இருப்பது அதைவிட மோசம். மேலே இருப்பவர்கள் நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள், தயாரித்தவர் என்ற கட்டத்தில் இருப்பது உங்கள் பெயர்.

உங்கள் சின்னக் கேள்வி. கையெழுத்தோ முடிவோ கேட்கப் போகும் நாளில் எதுவும் கொண்டுபோகாதீர்கள், சாப்பாடு உட்பட. சும்மா பார்க்கப் போகும் நாளில், தங்கும் கதவுக்காரர்களுக்குக் காப்பித்தூள், சீனி, ஒரு டின் பிஸ்கட். இங்கே யார் வீட்டுக்கும் கொண்டுபோவது போலத்தான். அவர்கள் துவாக் என்ற அரிசி மதுவை ஊற்றிக் கொடுப்பார்கள். குடிக்கிற பழக்கம் இல்லையென்றால் கோப்பையை உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நிறுவனத்தின் பெயர் அச்சடித்த குடை இரண்டு பெட்டி அலுவலகத்தில் கிடக்கும், அதை எடுத்துப் போகச் சொல்வார்கள். அது அங்கேயே கிடக்கட்டும்.